சிபி பையனுக்கு விஆர் கேம் வைத்து பிசியோ, சேலத்தில் யாராவது போயிருக்கிறீர்களா?

நாகலூர்_அம்மா:

வணக்கம். ஒரு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையனுக்கு 7 வயது. 31 வாரத்தில் பிறந்தான், எடை 1 கிலோ 400. ஒன்றரை வயதாகியும் பிடித்து நிற்கவில்லை என்று காட்டியபோதுதான் பெருமூளை வாதம், அதாவது சிபி, அதில் ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா என்றார்கள். கைகள் பரவாயில்லை, கால் இரண்டும் விறைப்பு. நடப்பான், ஆனால் நுனிக்காலில், முட்டி இரண்டும் உரசிக்கொண்டு. படி ஏறக் கைப்பிடி வேண்டும். டாக்டர் சீட்டில் ஜி.எம்.எஃப்.சி.எஸ். (நடமாட்டத்தை ஒன்று முதல் ஐந்து வரை பிரிக்கும் அளவு, ஒன்றுதான் லேசானது) லெவல் 2 என்று எழுதியிருக்கிறார்கள். பகலில் ஏ.எஃப்.ஓ., அதாவது கணுக்காலைப் பிடித்து வைக்கும் ஷூ மாதிரிக் கவசம், போடுகிறான், அதுவும் பள்ளிக்கூடத்தில் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுகிறான் என்று டீச்சர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

நாங்கள் இருப்பது ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம். அவன் அப்பாவுக்கு எஸ்டேட்டில் வேலை. வாரம் இரண்டு நாள் பிசியோவுக்காகச் சேலம் இறங்குகிறோம். இங்கிருந்து ஒண்டிக்கடை வந்து அங்கே பஸ் மாறி, 20 கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். அஸ்தம்பட்டியில் இறங்கும்போதே துவண்டு போயிருப்பான், அதற்கு மேல் ஸ்ட்ரெட்ச் என்றால் அழுகைதான். முன்னாலாவது அழுதுகொண்டே செய்வான், இப்போது ஆறு மாதமாகச் செய்யவே மாட்டேன் என்கிறான்.

போன மாதம் ஒரு சென்டரில் புதிதாக விஆர் (வெர்ச்சுவல் ரியாலிட்டி) தெரபி வந்திருக்கிறது, கண்ணாடி மாட்டி கேம் விளையாடினால் போதும், குழந்தை தானாக எக்சர்சைஸ் செய்துவிடும் என்றார்கள். ஒரு செஷனுக்கு 700 ரூபாய், 24 செஷன் பணத்தையும் முதலிலேயே கட்டிவிட வேண்டும். என் தம்பி பெங்களூரில் இருக்கிறான், அதற்கு எதற்கு அக்கா அவ்வளவு காசு, என் பழைய ஹெட்செட்டைத் தருகிறேன், வீட்டிலேயே விளையாடட்டும் என்கிறான்.

இதில் உண்மையிலேயே பலன் இருக்கிறதா? இருந்தால் சென்டரா, வீடா? இன்னொன்று, பையனுக்கு 3 வயதில் இரண்டு தடவை ஃபிட்ஸ் வந்தது, 5 வயது வரை மருந்து கொடுத்தோம், இப்போது மருந்து இல்லை. இதை அந்த சென்டரில் யாரும் கேட்கவே இல்லை, நானாகத்தான் இங்கே சொல்கிறேன்.


கொலுசுப்பட்டறை:

சிஸ்டர், என் பொண்ணுக்கு 9 வயது, ஹெமிப்ளீஜியா, வலது பக்கத்துக் கையும் காலும் சரியாக வராது. நாங்கள் பனங்காடு பக்கம், பட்டறை வேலை. இரண்டு வருடம் முன்னால் ஒரு இடத்தில் கேம் வைத்துச் செய்தோம், கண்ணாடி இல்லை, டிவி முன்னால் நிற்க வேண்டும், டிவிக்குக் கீழே ஒரு கேமரா. இவள் கையை ஆட்டினால் திரையில் இருக்கும் பொம்மையும் ஆட்டும், பலூன் வரும், குத்தி உடைக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதல் நாள் இருபது நிமிடம் சளைக்காமல் உடைத்தாள், எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மூன்றாம் நாள் உட்கார்ந்து உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது, அத்தனை பலூனையும் இடது கையால்தான் உடைக்கிறாள். நல்ல கை இருக்கும்போது வராத கையை எந்தக் குழந்தை தேடிப் போகும், பெரியவர்கள் நாமே போக மாட்டோமே. வலது பக்கத்து பலூனுக்குக்கூட இடுப்பை வளைத்துச் சாய்ந்து இடது கையை நீட்டிவிடுவாள். ஸ்கோர் மட்டும் ஏறிக்கொண்டே போனது, அங்கே இருந்தவர்களும் சூப்பர் சூப்பர் என்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் வேறு ஒரு பிசியோ மேடம் மாறி வந்தார்கள். அவர்கள் முதல் காரியமாக இடது கையில் ஒரு மெத்து பந்தைக் கொடுத்து, இது கீழே விழாமல் வைத்துக்கொள், மற்றக் கையால் உடை என்றார்கள். அன்றைக்கு ஸ்கோர் பாதாளத்துக்குப் போய்விட்டது, பொண்ணு பந்தை வீசிவிட்டு அழுதாள், வீடு வரும் வரை என்னோடு பேசவில்லை. பலூன் வரும் வேகத்தைக் குறைத்த பிறகு மெல்ல மெல்ல வழிக்கு வந்தாள். மூன்று மாத முடிவில் வலது கை தோள் உயரத்துக்குத் தூக்க வந்தது, முன்னால் மார்புக்கு மேல் வராது.

ஆனால் ஒன்று, சட்டை பட்டன் போட வரவில்லை. கை மேலே போகிறதே, பட்டனும் வந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பலூன் உடைத்தால் பலூன் உடைக்கத்தான் வருமாம், பட்டன் வேண்டுமென்றால் பட்டனைத்தான் போட்டுப் பழக வேண்டும் என்று அந்த மேடமே சொன்னார்கள். பட்டறையில் இருந்து பெரிய வளையமும் கொக்கியும் எடுத்து வந்து ராத்திரி ராத்திரி மாட்டப் பழக்கினேன், பிறகு சின்ன கொக்கி, அப்புறம்தான் பட்டன். இப்போது மேல் இரண்டு பட்டன் தவிர மற்றது அவளே போட்டுக்கொள்கிறாள்.

24 செஷனுக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். நான் கட்டினேன், பாதியில் கேமரா ரிப்பேர் ஆனது, பணம் திரும்பி வரவில்லை.


ஐந்துரோடு_பிசியோ:

சேலத்தில் குழந்தைகளுக்கு பிசியோ பார்க்கிறேன், 11 வருடம். எந்த இடம் என்று எழுத மாட்டேன், இது விளம்பரமாகிவிடக் கூடாது.

மேடம், ஃபிட்ஸ் பற்றி நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிபி குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வலிப்பும் சேர்ந்தே இருக்கும், அதனால் கேம் திரையைக் காட்டும் முன்பு எவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. கேட்காத இடத்தில் 700 ரூபாய் அல்ல, இலவசம் என்றாலும் யோசிப்பேன். மின்னி மின்னி மறையும் வெளிச்சம் சில குழந்தைகளுக்கு வலிப்பைத் தூண்டும். உங்கள் பையனுக்கு அப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை, மருந்து நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருப்பது நல்ல விஷயம்தான், ஆனாலும் நரம்பு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, விஆர் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு சாமானை விற்கிறார்கள். ஒன்று, கொலுசுப்பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி எதிரே டிவி, கீழே கேமரா, அல்லது காலுக்குக் கீழே ஒரு பலகை. இன்னொன்று தலையில் மாட்டி உலகத்தையே மறைத்துவிடும் ஹெட்செட். சிபி குழந்தைகளை வைத்து இதுவரை வந்த ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி முதல் வகையைப் பற்றியது. 2006-ல் நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் மெஷின் வந்தது, அடுத்த வருடம் அதற்கு ஏறி நிற்கும் பேலன்ஸ் போர்டு, 2010-ல் எக்ஸ்பாக்ஸ் கேம் மெஷினுக்கு கினெக்ட் கேமரா. எதுவும் தெரபிக்கென்று செய்ததில்லை, வீட்டில் விளையாடச் செய்ததை எங்கள் ஆட்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். 2008-ல் அமெரிக்க பிசியோ சஞ்சிகை ஒன்றில் உங்கள் பையனைப் போலவே டைப்ளீஜியா இருந்த ஒரு வளரிளம் பருவத்துப் பிள்ளைக்கு வீ வைத்து 11 செஷன் செய்ததை எழுதினார்கள், நிற்கும் நிலையிலும் நடமாட்டத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. ஒரே ஒரு பிள்ளை, ஆனால் அதைப் படித்துவிட்டு உலகம் முழுக்க வீ வாங்கிய பிசியோக்களில் நானும் ஒருத்தி, பிறகு வந்தவள் என்றாலும்.

அதற்குப் பிறகு நிறைய வந்துவிட்டன, ஆனால் பத்து, இருபது, முப்பது குழந்தைகளை வைத்துச் செய்த சின்னச் சின்ன ஆய்வுகள்தான் அதிகம். சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைப்பது இவ்வளவுதான்: வழக்கமான தெரபியோடு சேர்த்துச் செய்தால் பேலன்ஸும் கை உபயோகமும் ஓரளவு கூடுகிறது, தெரபியை நிறுத்திவிட்டு கேம் மட்டும் என்றால் அந்த அளவுக்கு நம்பிச் சொல்ல முடியாது.

பலன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அதில் மாயம் ஒன்றுமில்லை. மூளை ஒரு அசைவைக் கற்றுக்கொள்ள, குழந்தை தானாக முயற்சி செய்து அதைப் பல நூறு தடவை செய்ய வேண்டும். நான் காலைப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தால் செய்வது நான், அவன் இல்லை. எழுந்து உட்கார் என்று நான் சொன்னால் பத்துத் தடவையில் முகம் சுளித்துவிடும் பிள்ளை, திரையில் மீன் பிடிப்பதற்காக அறுபது தடவை குந்தி எழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணிக்கைதான் மருந்து, கேம் வெறும் சர்க்கரைப் பாகு.

ஆனால் கேமால் ஆகாத வேலை ஒன்று இருக்கிறது. மூளையில் ஏற்பட்ட சேதம் வளர்வதில்லை, பிள்ளை வளர்கிறான். எலும்பு வளரும் வேகத்துக்கு விறைத்த கெண்டைக்கால் தசை ஈடு கொடுக்காது, அதனால்தான் உயரம் கூடக் கூட குதிகால் மேலே போகிறது. அதற்கு ஏ.எஃப்.ஓ., தேவைப்பட்டால் மாவுக்கட்டு, ஊசி என்று டாக்டர் பார்க்கிற வழிதான். கேம் வந்துவிட்டது, இனி ஷூ வேண்டாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இடுப்பு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி தரும் ஹெட்செட் வேண்டாம். தம்பியின் நல்ல மனசுக்குக் குறை சொல்லவில்லை. ஹெட்செட் விற்கும் மெட்டா கம்பெனியே 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை என்கிறது, 2023 வரை அது 13-ஆக இருந்தது. சுமார் அரைக் கிலோ எடை, சின்னக் கழுத்துக்கு அது பெரிய பாரம். லென்ஸ்களுக்கு இடைவெளி பெரியவர்கள் கண்ணுக்கு வைத்தது, சிபி குழந்தைகளில் மாறுகண் வேறு சகஜம். எல்லாவற்றுக்கும் மேல், பேலன்ஸ் இல்லாத பிள்ளை தன் காலையும் தரையையும் பார்த்துப் பார்த்துத்தான் நிற்கிறான், அதை மறைத்துவிட்டு நில் என்றால் எப்படி?

அப்புறம் அந்த வாந்தி. பஸ்ஸில் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வளைகிறோம் வளைகிறோம் என்கிறது, கண்ணோ முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு அசையவே இல்லை என்கிறது, இரண்டுக்கும் சண்டை வந்து வயிறு புரள்கிறது. ஹெட்செட்டில் இதே சண்டை தலைகீழாக நடக்கும், கண் பறக்கிறது, உடம்பு நாற்காலியில் இருக்கிறது. 20 வளைவைத் தாங்காத பிள்ளைக்கு அதுவும் சேராமல் போக நிறைய வாய்ப்பு.

சென்டரில் போய் என்ன கேட்பது என்று கேட்டால், மெஷின் பெயரைக் கேட்காதீர்கள். இந்த கேமில் என் பையன் எந்த அசைவைச் செய்யப் போகிறான், அது அவனுக்கு எந்த வேலைக்கு உதவும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் கையில் எந்த மெஷினும் நல்ல மெஷின். விளையாடும்போது பக்கத்தில் பிசியோ நிற்பாரா, ஷூவோடா, ஷூ இல்லாமலா, விழுந்தால் பிடிக்க என்ன ஏற்பாடு, தொடங்கும் முன் எதை அளப்பீர்கள், எத்தனை வாரம் கழித்துத் திரும்ப அளப்பீர்கள், இவ்வளவும் கேட்கலாம். கினெக்ட் தயாரிப்பை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள், அதனால் அது ரிப்பேர் ஆனால் அண்ணன் கதைதான்.


பழைய_டீச்சர்:

நான் ரிடையர் ஆன சிறப்பாசிரியர். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருந்து வீடு வீடாகப் போனவள், ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கும் போயிருக்கிறேன். சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், எனக்கு இதெல்லாம் வியாபாரமாகத்தான் தெரிகிறது. 24 பெருக்கல் 700 போட்டுப் பாரம்மா, 16,800 ரூபாய், பஸ் காசு தனி. எஸ்டேட் சம்பளத்தில் அது என்ன தொகை என்று அந்த சென்டர்காரருக்குத் தெரியுமா?

உன் வீட்டைச் சுற்றி இருப்பதை விடவா ஒரு திரை? காபிப் பழம் வரும் காலத்தில் ஒரு கூடை தரையில், ஒரு தட்டு அவன் மார்பு உயரத்தில் திண்ணையில். பழுத்தது மட்டும் பொறுக்கி மேலே வைக்கச் சொல். ஐம்பது பழம் என்றால் ஐம்பது தடவை குந்தி எழுகிறான், யாருக்கும் ஒரு பைசா இல்லை. சரிவில் மெல்ல ஏறச் சொல், ஏறும்போது குதிகால் தரையைத் தேடும். கோலிக்குண்டு, பாண்டிக் கட்டம் ஒன்றுக்கு ஒன்று கால் மாற்றி வைப்பது, இதெல்லாம் நான் எத்தனை பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கேள், வட்டார வள மையத்து பிசியோ உங்கள் பக்கம் எந்தக் கிழமை வருகிறார் என்று. காசு கிடையாது, வளைவும் கிடையாது.

நிராமயா இன்சூரன்ஸ் போட்டிருக்கிறாயா? மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் திட்டம், சிபி குழந்தைக்கு வருடம் ஒரு லட்சம் வரை, தெரபி செலவும் அதில் உண்டு. தெரியாமல் கைக்காசைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரி.


ஐந்துரோடு_பிசியோ:

டீச்சரம்மா, காபிப் பழம் யோசனையை நான் திருடிக்கொள்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வேலையை நேராகப் பழக்குவதுதான் முதல் தரம், நானும் அதையேதான் சொல்கிறேன்.

ஆனால் ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. வீட்டில் அந்தக் கூடையை வைத்துக்கொண்டு நிற்பது யார்? அம்மா. குதிகாலை ஊன்று என்பதும் அம்மா, ஷூவைப் போடு என்பதும் அம்மா, இன்னும் பத்து என்பதும் அம்மா. நாள் முழுக்க அம்மாவே பிசியோவாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அம்மா எங்கே? என்னிடம் வரும் தாய்மார்களில் பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் அழுகிறார்கள். வாரத்தில் இரண்டு அரை மணி நேரமாவது இன்னும் பத்து என்பதை ஒரு மீன் சொல்லட்டுமே.

அப்புறம் பாண்டி ஆட இன்னொரு பிள்ளை வேண்டும். ஓட முடியாத பிள்ளையைத் தெருப் பிள்ளைகள் நாலு நாள் சேர்த்துக்கொள்ளும், ஐந்தாம் நாள் அம்பயராக உட்கார வைத்துவிடும்.


சாய்வுநாற்காலி:

அம்பயர் வேலை எட்டு வருடம் பார்த்தவன் வந்திருக்கிறேன். வயது 24, டைப்ளீஜியா, வாக்கர் பிடித்து நடப்பவன், அந்த அளவில் லெவல் 3, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் டிசைன் வேலை. இதுவரை எழுதியது எல்லாம் பெற்றோரும் பிசியோவும் டீச்சரும், அதனால் அந்தக் காலின் சொந்தக்காரன் சார்பில் கொஞ்சம்.

அக்கா, ஸ்ட்ரெட்ச் வலிக்கும். பெரியவர்கள் எல்லோரும் லேசாக இழுக்கும் அவ்வளவுதான் என்பார்கள், லேசாக இல்லை. உங்கள் பையன் ஆறு மாதமாக மாட்டேன் என்பதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், திடீரென்று உயரமாகிறானா என்று பாருங்கள். எனக்கு உயரம் கூடிய வருடங்களில்தான் வலி அதிகம், அதைச் சொல்லத் தெரியாமல் அழுதிருக்கிறேன்.

கேம் எனக்கு 15 வயதில் கிடைத்தது, பலகையில் நின்று பனிச்சறுக்கு விடுவது, வாக்கரைப் பிடித்துக்கொண்டேதான் நின்றேன். ஏற்காட்டு மூடுபனி தவிர வேறு பனி தெரியாத எனக்கு அது வேறு கிரகம். ஆனால் இரண்டு விஷயம். முதலில், விளையாடும்போது வலி தெரியாது, அடுத்த நாள் தெரியும். இரண்டு நாள் படுத்துவிட்டேன். அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரத்தில் நிறுத்துங்கள், அவன் கெஞ்சினாலும். இன்னொன்று ஸ்கோர். கடைகளில் விற்கும் கேம் நம் வேகத்துக்குச் செய்ததில்லை, நீ தோற்றுவிட்டாய் என்று ஒரு பொம்மை உதட்டைப் பிதுக்கும், பள்ளிக்கூடத்தில் படுவது போதாதென்று இங்கேயுமா என்று இருக்கும். ஸ்கோரை மறைக்க முடியுமா, இல்லாவிட்டால் அவனுடைய நேற்றைய ஸ்கோரோடு மட்டும் ஒப்பிட முடியுமா என்று கேளுங்கள்.

எந்த கேம் என்று அவனையே தேர்ந்தெடுக்க விடுங்கள். எனக்கு 15 வயதில் வாத்துக்குஞ்சு கேம் போட்டுவிட்ட புண்ணியவானை இன்னும் மறக்கவில்லை.


நாகலூர்_அம்மா:

எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த சென்டருக்கே போய் பிசியோ மேடம் சொன்ன கேள்வியைக் கேட்டேன், இதில் என் பையன் எந்த அசைவைச் செய்யப் போகிறான் என்று. பெரிய அசைவு சிறிய அசைவு எல்லாம் வரும் மேடம் என்றார் அங்கிருந்த பையன். சரி, போட்டுக் காட்டுங்கள், முதலில் எனக்கு மாட்டுங்கள் என்றேன். மாட்டினால் ரோலர் கோஸ்டர்! நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அது மேலே போய்க் கீழே விழுகிறது. கை கால் ஆட்ட அதில் ஒரு வேலையும் இல்லை. நான் 20 வளைவை நின்றுகொண்டே வருகிறவள், எனக்கே இரண்டு நிமிடத்தில் குமட்டிவிட்டது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நரம்பு டாக்டரிடம் கேட்டதில், டிவியில் தள்ளி நின்று, வெளிச்சமான அறையில், அரை மணிக்கு மிகாமல் என்றால் சரி என்று எழுதிக் கொடுத்தார். ஹெட்செட் வேண்டாம் என்றார். தம்பிக்கு அதைப் படம் பிடித்து அனுப்பினேன், இரண்டு நாள் பேசவில்லை, இப்போது சரியாகிவிட்டான்.

அப்புறம் இன்னொரு இடம் விசாரித்துப் போனோம். சின்ன இடம், பழைய கேமரா மெஷின். அங்கே இருந்த மேடம் மெஷினைப் போடவே இல்லை, பையனிடம் உட்கார்ந்து, உனக்கு எதைத் தானாகச் செய்ய ஆசை என்று கேட்டார்கள். இத்தனை வருடத்தில் அவனிடம் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. அவன் சொன்னான், பஸ்ஸில் அம்மா தூக்காமல் ஏற வேண்டும் என்று.

நம் பஸ் முதல் படி எவ்வளவு உயரம் தெரியும்தானே. கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் நான் இவனை இடுப்பில் தூக்கி உள்ளே போட்டுவிடுவேன், அது அவனுக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்கிறது.

இப்போது டிவி முன்னால் நாலு அங்குலப் பலகை வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பி. திரையில் கல் கல்லாக ஆற்றைக் கடக்க வேண்டும், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு காலைப் பலகையில் ஏற்றி இறக்க வேண்டும், ஷூவோடு. மேடம் பின்னால் நின்று பிடித்தால் கேமரா குழம்பிப்போய் மேடத்தின் கையை இவன் கை என்று எடுத்துக்கொள்கிறது, பொம்மைக்கு மூன்று கை முளைத்த மாதிரி ஆகி இவன் சிரித்துச் சிரித்து விழப் பார்த்தான். அதனால் இப்போது பக்கவாட்டில் நிற்கிறார்கள். நாளுக்கு நாள் காசு, மொத்தமாகக் கேட்கவில்லை. கேம் இருபது நிமிடம், அதற்கு முன்னால் ஸ்ட்ரெட்ச், அழுகிறான், இல்லையென்று சொல்ல மாட்டேன், ஆனால் அது முடிந்ததும் ஆற்றைக் கடக்கும் கேம் வரும் என்று தெரிந்து அழுகிறான்.

டீச்சரம்மா, வட்டார வள மையத்து பிசியோ வாரம் ஒரு நாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாராம், அதனால் சேலம் இனி வாரம் ஒரு தடவைதான். நிராமயாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காபிப் பழம் இன்னும் பழுக்கவில்லை, இப்போதைக்குப் புளியங்கொட்டை. சாய்வுநாற்காலி தம்பி, அளந்து பார்த்தேன், ஆறு மாதத்தில் 3 சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருக்கிறான். ஏ.எஃப்.ஓ.வும் சின்னதாகிவிட்டது, விரல் இடித்திருக்கிறது, அதுதான் பைக்குள் போயிருக்கிறது. புதிது அளவு கொடுத்தாயிற்று.


கொலுசுப்பட்டறை:

சந்தோஷம் சிஸ்டர். பஸ் படியை ஒருநாள் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், அந்த உயரத்துக்கு வீட்டில் ஒரு மரப்பெட்டி அடித்துவிடலாம். நாலு அங்குலத்திலேயே நின்றுவிட்டால் எங்கள் பலூன் மாதிரி ஆகிவிடும்.


ஐந்துரோடு_பிசியோ:

அண்ணன் சொல்வது சரி. நாலில் இருந்து ஆறு, ஆறில் இருந்து எட்டு, அவசரம் வேண்டாம். பஸ்ஸில் முடிந்தால் முன்னால் உட்காருங்கள், கண்ணாடி வழியாக ரோடு தெரிய வேண்டும், வளைவு வருவதைக் கண்ணும் பார்த்துவிட்டால் சண்டை குறையும்.


நாகலூர்_அம்மா:

அளந்தாயிற்று, 15 அங்குலம். நேற்று கம்பியைப் பிடித்து வலது காலைத் தானாக மேலே வைத்துவிட்டான், இடது கால் வரவில்லை, நான் பின்னால் கொஞ்சம் தள்ளினேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார்.

முன் சீட்டும் கிடைத்தது. டிரைவரோடு சேர்ந்து இவனும் 20 வளைவையும் எண்ணிக்கொண்டே வந்தான், வாந்தி இல்லை. அஸ்தம்பட்டியில் இறங்கி, இவ்வளவு நல்ல பிள்ளையாக வந்தானே என்று தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது தட்டில் காரம் தலைக்கேறி அங்கேயே எடுத்துவிட்டான்.